ஓங்கிலுக்குத் தாங்கி போதாது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'ஓங்கில்' என்ற கற்பனை ஆய்வுக்கலத்தின் முதல் வரைபடத்தை வெளியிட்டு, பிழை பிடிக்கச் சொல்லியிருந்தோம். பார்க்காதவர்களுக்குச் சுருக்கம் இது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சீரிஸ் என்ற குறுங்கோளுக்குப் போய், அதன் மேற்பரப்பையும் அடியிலுள்ள பனியையும் அளந்து திரும்புவது கலத்தின் வேலை. ஆட்கள் 6 பேர், காலம் 900 நாள், நீரும் எரிபொருளும் இல்லாத வெற்று நிறை 90 தொன். அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும், இன்று எங்குமே இல்லாத கருப்பிணைவு இயந்திரம் ஒன்றை மட்டும் கற்பனையாக அனுமதித்தோம். ஒரு கதைக்கு ஒரு பொய் போதும். மிச்சமெல்லாம் பள்ளிப் பௌதிகத்துக்குள் அடங்கவேண்டும். திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களே அதிகம் என்பதால் இந்த முறை அவற்றுக்கே இடம்.

கேள்வி: நானும் ஒரு கலம் வடிவமைக்க ஆசைப்படுகிறேன். முதலில் வெளி உருவத்தை வரைவதா, உள் அறைகளை வரைவதா? (உப்புவெளி வாசகி)

இரண்டுமில்லை. எதை அளக்கப் போகிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். கருவி அந்த வரியிலிருந்து வரும், கருவியிலிருந்து கலம் வரும். 1872இல் கடலாய்வுக்குப் புறப்பட்ட பிரித்தானியக் கடற்படைக் கப்பல் சலஞ்சரில் 17 பீரங்கிகள் இருந்தன. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிய இடத்தில்தான் ஆய்வுகூடமும் ஆழம் பார்க்கும் கயிறும் வந்தன. ஆய்வுக்கப்பல் என்றால் அதுதான்.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் கொட்டியாரக் குடாவைப் பாருங்கள். கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழத்துக்கு இறங்குகிறது. அதன் வடிவத்தை எடுக்க வருகிற கப்பலுக்கு, ஒலியனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிமானி நீரில் அமர அமைதியான அடிப்பகுதி வேண்டும், அதனால் இயந்திரச் சத்தம் அடங்கவேண்டும். ஒரே ஒரு கருவி, கப்பலின் அடிப்பாகத்தையே தீர்மானித்துவிடுகிறது.

கேள்வி: ஓங்கிலின் எரிபொருள் தாங்கி மிகச் சிறிது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தண்ணீர்ப் போத்தல் மாதிரித் தெரிகிறது. கணக்குச் சரியா? (மூதூர் வாசகர்)

கணக்குப் பிழை. ஒப்புக்கொள்கிறோம்.

வரைபடத்தில் தாங்கியின் விட்டம் 4 மீற்றர், நீளம் 8 மீற்றர். கொள்ளளவு 100 கனமீற்றர். உள்ளே திரவ ஐதரசன் என்று எழுதியிருந்தோம். ஒரு கனமீற்றர் திரவ ஐதரசன் வெறும் 71 கிலோகிராம்தான், ஆகவே தாங்கி நிறைந்தாலும் 7.1 தொன். கலம் தன் வேகத்தை எவ்வளவு மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: புறப்படும் நிறையை முடியும் நிறையால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை எடுத்து, வாயு வெளியேறும் வேகத்தால் பெருக்கவேண்டும். 97.1ஐ 90ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.076. நமது கற்பனை இயந்திரத்தின் வெளியேறு வேகம் செக்கனுக்கு 60 கிலோமீற்றர். விடை 4.6 கிலோமீற்றர். சீரிஸுக்குச் சிக்கனமான பாதையில் 15 மாதம் ஊர்ந்து போவதற்கே, சூரியனைச் சுற்றும் வேகத்தில் போகும்வழிக்கு மட்டும் சுமார் 11 கிலோமீற்றர் மாற்றவேண்டும். ஓங்கில் நடுவழியில் நின்றிருக்கும். நிற்கவும் முடியாது, அதுதான் இன்னும் மோசம்.

90 தொன் ஐதரசன் ஏற்றினால் சரிவரும். ஆனால் அதற்கு 1,268 கனமீற்றர் தேவை: விட்டம் 8 மீற்றர், நீளம் சுமார் 25 மீற்றர். சிறிய கலம் என்ற பேச்சே அங்கே முடிந்துவிடும்.

நாங்கள் எடுத்த முடிவு ஐதரசனை விட்டுவிட்டுத் தண்ணீரை ஏற்றுவது. 90 தொன் தண்ணீர் 90 கனமீற்றர். 4 மீற்றர் விட்டமுள்ள மூன்று உருண்டைத் தாங்கிகள் 100 கனமீற்றருக்குச் சற்று அதிகம் கொள்ளும், பத்துவீதம் வெற்றிடமும் மிஞ்சும். இதற்கு விலை உண்டு. நீர் மூலக்கூறு ஐதரசனைவிடப் பாரமானது, அதே வலுவில் மெதுவாகத்தான் வெளியேறும். வெளியேறு வேகத்தைப் பாதியாக்கி 30 என்று வைத்துக்கொண்டோம். 180 தொன்னில் புறப்பட்டு 90இல் முடித்தால் மடக்கை 0.693, வேகக் கையிருப்பு 20.8 கிலோமீற்றர். போகும்வழிக்கு இது தாராளம். திரும்புவதற்கு? சீரிஸின் மேற்பரப்புக்கு அடியில் பனி நிறைய உண்டு. அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை. புறப்படும்போது 52.7 தொன் செலவு, போய்ப் பிரேக் பிடிக்க 37.3 தொன். பாதிப் பாதி என்று எழுதிவிடாதீர்கள், பின்பாதியில் கலம் இலகுவாகிவிடும். மற்றது, தண்ணீர் உறைந்தால் ஒன்பதுவீதம் வீங்கும். தாங்கி தப்பினாலும் குழாயும் வால்வும் வெடிக்கும். அறைகளிலிருந்து வரும் கழிவுவெப்பத்தைத் தாங்கியைச் சுற்றி ஓடவிட்ட பிறகே வெளியே அனுப்பவேண்டும்.

கேள்வி: ஆசிரியர் ஐயா, ஓங்கிலுக்கு இறக்கை எதற்கு? அங்கே காற்று இல்லையே. (கிண்ணியா பாடசாலை மாணவன்)

அது இறக்கை இல்லை தம்பி, லொறியில் இருக்கிற றேடியேற்றர் மாதிரி. லொறிக்குக் காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் வாங்க ஆளில்லை, தகடு தானாகக் கதிராக வீசவேண்டும். வீசும் அளவு வெப்பநிலையின் நாலாம் அடுக்காக ஏறுவதால் ஒரு வேடிக்கை நடக்கிறது.

இயந்திரம் ஓடும்போது 5,000 கிலோவாற்றுக் கழிவுவெப்பம் என்று வைத்திருக்கிறோம். தகட்டை 1,000 கெல்வினில், அதாவது மங்கலாகச் சிவந்து ஒளிரும் சூட்டில் வைத்தால், இரு பக்கமும் வீசும் 49 சதுரமீற்றர் தகடு போதும். ஆட்கள் இருக்கிற அறைகளின் வெப்பம் 50 கிலோவாற்றுத்தான். ஆனால் அந்தத் தகடு அறைச்சூட்டைவிட ஏற முடியாது, 290 கெல்வினில் நிற்கும். அதற்கு 69 சதுரமீற்றர் தேவை. நூறில் ஒரு பங்கு வெப்பத்துக்குப் பெரிய தகடு! முதல் வரைபடத்தில் இரண்டையும் ஒரே தகடாக வரைந்திருந்தோம். அப்படியே கட்டியிருந்தால் ஒன்றில் ஆட்கள் வெந்திருப்பார்கள், இல்லாவிட்டால் இயந்திரம் உருகியிருக்கும்.

இப்போது நாலு தகடுகள், நாலும் ஒரே தளத்தில். சூடான சோடி ஒவ்வொன்றும் 2.5க்கு 10 மீற்றர், இயந்திரப் பக்கம். குளிர்ந்த சோடி 3.5க்கு 10, ஆட்கள் பக்கம். கூட்டல்குறி மாதிரி நாலு திசைக்கும் விரித்தால் அழகுதான், ஆனால் ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு பீரங்கியாவது வேண்டாமா? (குச்சவெளி வாசகர்)

வேண்டாம். சலஞ்சர் கதையை மேலே சொல்லிவிட்டோம்.

கேள்வி: ஆட்கள் மிதக்காமலிருக்க 12 மீற்றர் விட்டச் சுழல் வளையம் வரைந்திருக்கிறீர்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதவில்லையே? (நிலாவெளி வாசகர்)

எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எழுதவில்லைப் போலிருக்கிறது. 6 மீற்றர் ஆரையில் பூமி அளவு ஈர்ப்பு வரவேண்டுமென்றால் நிமிடத்துக்கு 12 சுற்று. தலையைத் திருப்பினாலே குமட்டும். நிற்கிறவரின் காலில் இருக்கும் ஈர்ப்பைவிடத் தலையில் 28 வீதம் குறைவாக இருக்கும்.

வளையத்தை அகலமாக்கலாமே என்று பலர் கேட்டிருந்தார்கள். அங்கே வேறொரு சிக்கல். அணு இயந்திரத்தின் கதிர்வீச்சைத் தடுக்க நாலு பக்கமும் கவசம் போட்டால் நிறை தாங்காது. ஆட்கள் இருக்கிற திசைக்கு மட்டும் ஒரு தடித்த வட்டு வைப்பார்கள். குடை மாதிரி அது நிழல் விழுத்தும், அந்த நிழலுக்குள்தான் கலம் முழுவதும் இருக்கவேண்டும். எங்கள் வட்டு 2 மீற்றர் விட்டம், இயந்திரத்திலிருந்து 4 மீற்றரில். ஆகவே 9 மீற்றரில் நிழலின் அகலம் 4.5 மீற்றர், 50 மீற்றரில் 25 மீற்றர். நீர்த்தாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக உருத்திராக்கம் கோர்த்த மாதிரி 9 மீற்றரிலிருந்து 21 மீற்றர்வரை வைத்ததும், தகடுகளை அதற்கும் முன்னால் தள்ளியதும் இதனால்தான். நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எந்தப் பொருளும் கதிரைச் சிதறடித்து ஆட்கள் பக்கம் அனுப்பிவிடும்.

ஆகவே வளையத்தை எறிந்துவிட்டோம். பயணத்தில் கலம் முழுவதுமே தலைகீழாகக் கரணமடிக்கும், ஒரு முனையில் இயந்திரம், மறுமுனையில் ஆட்கள். எப்படிச் சுழன்றாலும் ஆட்கள் நிழலுக்குள்தான். புறப்பாட்டு எரிப்பு முடிந்து 37 தொன் நீர் மிஞ்சியிருக்கும்போது, நிறைமையம் இயந்திரத்திலிருந்து ஏறத்தாழ 23 மீற்றரில் விழுகிறது. ஆட்கள் அதிலிருந்து 27 மீற்றர் தள்ளி. நிமிடத்துக்கு 3 சுற்றென்றால் பூமி ஈர்ப்பில் கால் பங்குக்குச் சற்று மேல். சோற்றுக்கோப்பை மேசையில் நிற்கும், அது போதும்.

ஒன்றைக் கவனியுங்கள்: கீழ் என்பது கலத்தின் மூக்குப் பக்கம். தரை அங்கே, கூரை இயந்திரத்தின் பக்கம். இயந்திரம் எரியும் நாட்களில் இழுப்பு எதிர்த்திசையில் வரும், ஆனால் அது புறப்படும்போது பூமி ஈர்ப்பில் ஐந்நூறில் ஒரு பங்குதான். கைவிட்ட பென்சில் மெல்லக் கூரைக்குப் போய்ச்சேரும். புறப்பட 5 நாள், நிறுத்த மூன்றரை நாள், சமாளிக்கலாம்.

கேள்வி: காந்தமானி, கமெரா, காமாக்கதிர்மானி மூன்றும் மூக்கில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. இடத்தை மிச்சம் பிடிக்கவா? (சம்பூர் வாசகி)

இடம் மிச்சம், தரவு நட்டம். மூன்றையும் பிரித்துவிட்டோம்.

காந்தமானிக்குப் பெரிய எதிரி அது பயணம் செய்கிற கலமே. ஒவ்வொரு மோட்டரும் வயரும் சிறு காந்தம். தூரம் கூடினால் அந்தப் புலம் மும்மடி அடுக்கில் குறையும், 1 மீற்றரில் இருப்பது 11 மீற்றரில் 1,331இல் ஒரு பங்காகிவிடும். சனிக்குப் போன கசினி விண்கலத்தில் அதற்கென்று 11 மீற்றர் தடி இருந்தது, வொயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் 13 மீற்றர். ஓங்கிலுக்கும் 11 மீற்றரில் மடக்கும் தடி. நுனியில் ஒரு உணரி, நடுவில் இன்னொன்று. இரண்டும் காட்டும் வித்தியாசத்திலிருந்து கலத்தின் சொந்தப் புலத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். தடிப் பக்கத்து மின்வயர்களில் போகிறதையும் வருகிறதையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள், ஒன்றின் புலத்தை மற்றது அழிக்கும். இரும்பு ஆணி ஒன்றுகூட வேண்டாம். கலம் கரணமடிக்கிற நாட்களில் தடியை மடக்காவிட்டால் மூட்டில் முறியும்.

கமெராவின் தொல்லை வேறு. 100 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஒரு படப்புள்ளிக்கு அரை மீற்றர் வேண்டுமென்று கேட்டிருந்தோம். சீரிஸைச் சுற்றிய டோன் விண்கலம் 385 கிலோமீற்றரிலிருந்து எடுத்த படங்களில் ஒரு புள்ளி 35 மீற்றர், ஆகவே எங்கள் ஆசை பெரிது. அந்தக் கூர்மைக்கு, 30 மீற்றர் நீளமுள்ள உடல் ஒன்றின் நுனி 0.15 மில்லிமீற்றர் அசைந்தாலே படம் ஒரு புள்ளி நழுவும். கடதாசித் தாள் ஒன்றரையின் தடிப்பு! யாராவது ஓட்டப்பட்டையில் ஓடினால், நீர்ப்பம்பி ஒன்று அதிர்ந்தால், அன்றைய படம் மங்கல். கமெராவைக் கலத்தோடு இறுக்கித் திருகாமல் அதிர்வு விழுங்கும் தாங்கலில் தொங்கவிடவேண்டும். படம் எடுக்கும் அரைமணி நேரத்துக்கு ஓட்டம், சமையல், பம்பி மாற்றம் எதுவுமில்லை என்று நேர அட்டவணையில் எழுதவும் வேண்டும்.

இதோடு தண்ணீர் இயந்திரத்தால் புதிதாக ஒரு வில்லங்கம். அகச்சிவப்பு உணரி கடுங்குளிரில் இருக்கும், கலத்தைச் சுற்றி மிதக்கும் நீராவி நேரே போய் அதில்தான் பனியாய்ப் படியும். 2001இல் கசினியின் கமெராவிலும் மங்கல் படிந்தது, மெல்லச் சூடாக்கித்தான் போக்கினார்கள். ஆகவே மூடி கட்டாயம், மூடிக்குள் சிறு வெப்பமூட்டியும் கட்டாயம். எரிப்பு முடிந்து சில நாள் கழித்தே திறக்கவேண்டும்.

காமாக்கதிர்மானியைக் கலத்தில் வைப்பதே பிழை. அணு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைப்பது, ஆலய மணிக்குக் கீழே நின்று நாடித்துடிப்புக் கேட்பது மாதிரி. அதைச் சிறு துணைக்கலம் ஒன்றில் ஏற்றித் தாழ்வாகப் பறக்கவிடுவோம். டோன் தன் கடைசி மாதங்களில் சீரிஸுக்கு மேலே 35 கிலோமீற்றர்வரை இறங்கியது, துணைக்கலத்துக்கும் அந்த உயரம் சரி.

கேள்வி: நீர் நிரப்ப ஓங்கில் சீரிஸில் இறங்குமா? (தம்பலகாமம் வாசகர்)

இறங்கினால் எழும்பாது. சீரிஸின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 35இல் ஒரு பங்கென்றாலும், ஓங்கிலின் உந்துவிசை அதற்கும் மிகக் குறைவு. பெரிய கப்பல் துறைமுகத்தில் நங்கூரமிட, வள்ளம் கரைக்கும் கப்பலுக்கும் ஓடுவது போல 6 தொன் படகு ஒன்று நடையடிக்கும். ஒரு நடையில் 7 தொன் நீர் தூக்கினால் படகின் சொந்த ஓட்டத்துக்கே ஏறக்குறைய 2 தொன் போய்விடும் (நீரை மின்னால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்து எரிக்கிறது). மிச்சம் 5. 90 தொன்னுக்கு 18 நடை. 100 கிலோவாற்று மின்சாரத்தில் ஒரு நடைக்கான நீரைப் பிரிக்க ஐந்து நாள் ஆகும், ஆக மூன்று மாதம். அது விஞ்ஞானிகளுக்கு இலவசமாகக் கிடைத்த மூன்று மாதம்.

கேள்வி: 1:100 அளவில் மாதிரி செய்கிறேன். சுப்பர் குளூ ஒட்டிய இடமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. ரெஜிபோம் பெயின்ற்றில் கரைந்தும் போனது. (உவர்மலை வாசகர்)

வெள்ளை பூப்பது நம்மூர் ஈரக்காற்றால். ஒட்டும்போது கிளம்பும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் படிகிறது. பசையைக் குறைத்து ஊசிமுனையால் தொட்டு வையுங்கள், மூடிய பெட்டிக்குள் காயவிடாமல் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். மழைநாளில் ஸ்பிரே அடிக்கவேண்டாம், அதுவும் பால்போல வெளுக்கும். ரெஜிபோமைக் கரைப்பது ஸ்பிரேயிலுள்ள கரைப்பான். முதலில் பைண்டர் கம்மைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு முறை பூசி, ஒருநாள் காயவிட்டு, அதன்மேல் நீரில் கரையும் பெயின்ற் பூசுங்கள்.

தாங்கிக்கு மேசைப்பந்து மூன்று. 40 மில்லிமீற்றர் பந்து, இந்த அளவில் சரியாக 4 மீற்றர். மெல்லிய அரத்தாளால் தேய்க்காவிட்டால் பெயின்ற் உரியும். முதுகுச் சட்டத்துக்குச் சைக்கிள் கம்பி, தகடுகளுக்குச் சோடாத் தகரம். காந்தமானித் தடிக்குத் தென்னை ஈர்க்கை மிஞ்ச ஒன்றுமில்லை, 11 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். பச்சை ஈர்க்கு வேண்டாம், காய்ந்ததும் வளையும்.

கேள்வி: பத்துப் பேர் பத்துத் திருத்தம் சொல்கிறார்கள். எதை ஏற்பது? உங்கள் 90 தொன்னில் ஒதுக்கு எவ்வளவு? (திருகோணமலை நகர் வாசகர்)

கணக்குப் பிழையென்று சொன்னால் அன்றே திருத்துங்கள், சொன்னவர் யாரென்று பார்க்கவேண்டாம். அழகில்லை என்பது அவரவர் விருப்பம், கேட்டுவைத்தால் போதும். இதையும் சேருங்கள் என்பவரிடம் மட்டும் ஒரு கேள்வி: எதைக் கழற்றட்டும்? பதிலில்லாத யோசனைகளைத் தனிக் கொப்பியில் எழுதிவையுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று வரைபடத்தை நீட்டாதீர்கள், 'நன்றாயிருக்கிறது' என்றுதான் வரும். 'இந்தக் குழாய் உறையுமா?' என்று கேட்டால் ஆள் பேனையை எடுப்பார். வரைபடத்தின் மூலையில் திருத்த இலக்கத்தை எழுத மறக்கவேண்டாம், இல்லையென்றால் எறிந்துவிட்ட வளையத்துக்கு இன்னும் மூன்று மாதம் கடிதம் வரும்.

ஒதுக்கு, அதாவது பின்னால் ஏறும் பாரத்துக்கென்று விட்டுவைக்கும் நிறை, பற்றிய கேள்வி சுட்டது. எங்கள் நிறைக் கணக்கு: இயந்திரமும் கவசமும் 35 தொன், சட்டமும் தகடும் 10, வெற்றுத் தாங்கிகள் 5, வாழிடமும் ஆய்வுகூடமும் 20, படகு 6, உணவு 10, கருவிகளும் துணைக்கலமும் 4. கூட்டினால் சரியாக 90, ஒதுக்கு பூச்சியம். எந்தக் கலமும் கட்டக் கட்டப் பாரம் ஏறும், 20 வீதமாவது விட்டுவைப்பது வழக்கம்.

எங்கே வெட்டலாமென்று தேடினால் உணவில்தான் கண் நிற்கிறது. ஒருவருக்கு ஒருநாளைக்குப் பொதியோடு 1.8 கிலோகிராம், 6 பேருக்கு 900 நாளில் 9.7 தொன். ஒட்சிசன் கணக்கில் பயமில்லை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோகிராம்தான், ஒரு கிலோ நீரிலிருந்து 0.89 கிலோ வரும். ஆனால் ஆட்களை நாலாக்கினால் உணவில் மட்டும் 3.2 தொன் மிச்சம், கருவிகளுக்கும் துணைக்கலத்துக்கும் ஒதுக்கிய மொத்த நிறையில் அது ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு. கட்டில், கழிவறை, சூரியப் புயலின்போது ஒதுங்கும் 20 சென்ரிமீற்றர் நீர்ச்சுவர் அறை, அவையும் சேர்ந்து சுருங்கும்.

திருத்தம் 4இல் ஓங்கிலுக்கு நாலு பேர். சமையற்காரரையும் வைத்தியரையும் ஒரே ஆளாக்குவதா என்பதை வாசகர்கள் எழுதலாம், எதைக் கழற்றுவது என்பதையும் சேர்த்து.